பிளிஸ்வர்த் குன்றின் மேல் ஒரு நாள்



சென்ற மாதம் ஒரு திங்கள் முதல் வெள்ளி வரை நான் பங்கில் இல்லை. திரும்பி வந்ததும் பலர், "லூர்து போனீர்களா ஃபாதர்? பாத்திமாவா?" என்று கேட்டனர். "நார்த்தாம்ப்டன்ஷயர் போனேன்" என்றதும் சிலர் சிரித்தே விட்டார்கள். நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர், அவருடைய மகன், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன், நான் ஆகிய நால்வரும் ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கால்வாய் வழியே பயணம் செய்தோம். அந்த ஐந்து நாட்களில் ஒரு நாள் மட்டும் படகைக் கட்டிப்போட்டுவிட்டு நடந்தோம். அந்த நடைப்பயணத்தைப் பற்றி எழுதுங்கள் என்று பேரன் வற்புறுத்தியதால் இதை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

முதலில் படகைப் பற்றி இரண்டு வரி. அகலம் ஏழடிதான், நீளமோ எழுபதடி வரை போகும். வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். கரையில் நாய் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் நம்மைக் கடந்து சென்று, திரும்பிப் பார்த்துக் கையசைப்பார்கள். அறுபதைத் தாண்டியவனுக்கு ஏற்ற ஊர்தி. சுக்கான் பிடிக்கும் பொறுப்பைப் பேரனிடம் விட்டுவிட்டோம். என்னிடம் கொடுத்த பத்து நிமிடத்தில் நான் கரையோரப் புதருக்குள் மூக்கை நுழைத்துவிட்டேன் என்பதே காரணம்.

இரண்டாம் நாள் காலை, கிரேட் ஊஸ் ஆற்றின் மேல் 1811 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இரும்புத் தொட்டிப் பாலத்தைக் கடந்தோம். ஆறு கீழே ஓட, நாம் மேலே படகில் போகிறோம். இதற்கு முன் இருந்த பாலம் 1808 இல் இடிந்து விழுந்தது என்று யாரோ சொல்ல, முதியவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பாலத்தைத் தாண்டியதும் காஸ்குரோவ் என்னும் சிற்றூர். அங்கே இடப்புறம் ஒரு கிளைக்கால்வாய் பிரிகிறது. சிறிது தூரம் வரை தண்ணீர் இருக்கிறது. அதில் சில படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. அப்பால் புல்லும் வயலுமாகத் தூர்ந்து கிடக்கிறது. அதன் பெயர் பக்கிங்காம் கிளைக்கால்வாய்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சற்றே திடுக்கிட்டது. நான் பிறந்து வளர்ந்தது சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கு அருகில். எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடந்தால் பக்கிங்காம் கால்வாய். சிறுவனாக இருந்தபோது சவுக்கு விறகை மலைபோல் ஏற்றிய தோணிகளைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். இங்கும் ஒரு பக்கிங்காம் கால்வாயா? பக்கிங்காம் என்பது பக்கத்திலுள்ள ஊர்தானே, அதனால் வந்த பெயராக இருக்கும் என்று பேரன் சொன்னான். அவன் சொன்னதும் சரிதான். ஆனால் அத்தோடு முடியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலை ஏழு நீர்ப்பூட்டுகளில் ஏறி ஸ்டோக் ப்ரூயர்ன் கிராமத்தை அடைந்தோம். நீர்ப்பூட்டு என்றால், முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு நீர்க்கிடங்கு. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு தானே உயரும். கேட்க எளிது. கதவைத் தள்ளும் நெடுமரத்தில் முதுகைச் சாய்த்து உந்த வேண்டும். ஏழாவது பூட்டைக் கடந்தபோது எனக்கு அன்றைய மாலைச் செபத்தைப் படுத்துக்கொண்டே சொல்லும் நிலை.

மறுநாள் காலை நடை தொடங்கியது. மேல் பூட்டின் அருகே பழைய தானிய ஆலை ஒன்று. 1963 முதல் அது கால்வாய் அருங்காட்சியகம். நாங்கள் அதிக நேரம் செலவிட்டது அங்கு வைத்திருந்த ஒரு படகு அறையின் முன்னால்தான். ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். அதற்குள் ஓர் அடுப்பு, மடக்கிவைக்கும் கட்டில், சுவரெங்கும் ரோசாப் பூக்களும் கோட்டைகளும் தீட்டிய சித்திரங்கள், தொங்கும் பீங்கான் தட்டுகள். இதுதான் ஒரு குடும்பத்தின் முழு வீடு. கணவன், மனைவி, நான்கைந்து பிள்ளைகள். படகின் எஞ்சிய நீளமெல்லாம் நிலக்கரிக்கு.

தொடக்கத்தில் படகோட்டிகளின் குடும்பங்கள் கரையில்தான் வாழ்ந்தன. இருப்புப்பாதை வந்து கால்வாய்க் கூலி சரிந்தபோது, வீட்டு வாடகை கொடுக்க முடியாமலும், கூலிக்கு ஆள் வைக்க முடியாமலும், மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டனர். பிள்ளைகள் படகிலேயே பிறந்தனர். இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். பள்ளிக்கூடம் எங்கே? ஜார்ஜ் ஸ்மித் என்ற மனிதர், தாமே சிறு வயதில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், இந்தப் பிள்ளைகளுக்காக ஓயாமல் எழுதியும் பேசியும் 1877 இலும் 1884 இலும் இரண்டு சட்டங்கள் வரக் காரணமானார். படகுகளைப் பதிவு செய்ய வேண்டும், ஓர் அறையில் இத்தனை பேர்தான் வசிக்கலாம், பிள்ளைகள் பள்ளி செல்ல வழி செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதெல்லாம் நடந்ததா என்பது வேறு. நம் முதியவர் அட்டன் அருகே தோட்டப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். அவர் அந்த அறையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க லயத்துக் காம்பராவும் இவ்வளவுதான் ஃபாதர். ஆனா அது நகராது" என்றார்.

இந்தக் கால்வாயில் சரக்குப் படகுகள் ஓடியது ஏதோ பண்டைக்காலக் கதை என்று எண்ண வேண்டாம். 1962–63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் உறைந்து போனதோடு பெரும்பாலான போக்குவரத்து முடிந்தது உண்மை. ஆயினும், தொலைதூரத்துக்கு ஒழுங்காக ஓடிய கடைசிச் சரக்கு, மத்திய இங்கிலாந்திலிருந்து லண்டனில் ஒரு ஜாம் தொழிற்சாலைக்குப் போன நிலக்கரி. அது நின்றது 1970 இல். அந்தத் தொழிற்சாலை இருந்தது சவுத்தாலில். நம்மில் எத்தனை பேர் சனிக்கிழமை தோறும் காய்கறி வாங்கப் போகும் அதே சவுத்தால்தான்.

அருங்காட்சியகத்துக்குச் சற்று அப்பால், பூட்டின் கரையில் ஒரு வீடு. இங்கே வாழ்ந்தவர் சிஸ்டர் மேரி வார்டு. 1885 இல் இக்கிராமத்திலேயே பிறந்தவர். 1972 இல் மறைந்தார். துறவி அல்லர். நம் ஊர் மருத்துவமனைகளில் செவிலியரைச் 'சிஸ்டர்' என்று அழைக்கிறோமே, அந்தச் சிஸ்டர். படகு மக்களுக்கென்று ஒரு நிலையான மருத்துவர் கிடையாது. இன்று காய்ச்சல் கண்ட குழந்தை நாளை இருபது மைலுக்கு அப்பால் இருக்கும். ஆகவே அவர்கள் நோயையும் பிள்ளைப்பேற்றையும் கணக்குப் பார்த்து, ஸ்டோக் ப்ரூயர்னுக்கு வந்து சேரும் வரை பொறுத்திருந்தார்கள் என்கிறார்கள். பூட்டில் தண்ணீர் ஏறும் நேரத்துக்குள் புண்ணுக்குக் கட்டுப் போடுவார், மருந்து கொடுப்பார், தொடக்க காலத்தில் எல்லாம் தம் கைப்பணத்தில். பின்னர்தான் கால்வாய் நிறுவனம் அவரைத் தன் செவிலியராக ஏற்றது. 1951 இல் அரசு பதக்கம் அளித்தது.

மேரி வார்டு என்ற பெயரைக் கேட்டதும் குருமடத்தில் படித்தவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். அவரும் இந்நாட்டவரே; யார்க்ஷயரில் 1585 இல், கத்தோலிக்கராக இருப்பதே குற்றமாக இருந்த காலத்தில் பிறந்தவர். மடத்துச் சுவருக்குள் அடைபடாமல் பெண் துறவிகள் வெளியே சென்று பெண் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று 1609 இல் ஒரு சபையைத் தொடங்கினார். காலத்துக்கு முந்திய எண்ணம். 1631 இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் சபையைக் கலைத்தார். மேரி வார்டு மியூனிக் நகரில் சில வாரங்கள் சிறையிருந்தார். பிறகு சபை மெல்லத் தலையெடுத்தபோதும், அவரைத் தங்கள் நிறுவுநர் என்று சொல்லிக்கொள்ள அவருடைய பிள்ளைகளுக்கே அனுமதி இல்லை. 1877 இல் சபைக்கு முழு ஒப்புதல் கிடைத்தது. 1909 இல்தான் அவர் பெயரை வெளிப்படையாகச் சொல்ல இசைவு கிடைத்தது. இறந்து இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல். அந்த மரபில் வந்த லொரேட்டோ கன்னியராகத்தான் நம் அன்னை தெரேசா கொல்கத்தாவுக்கு வந்தார். பூவிருந்தவல்லிக் குருமடத்தில் திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் இதெல்லாம் ஒரு பத்திக்குள் முடிந்துவிட்டது. இரு மேரி வார்டுகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை, பெயர் ஒற்றுமைதான். ஆயினும் அந்த வீட்டின் முன் நின்றபோது எனக்கு இருவரையும் பிரித்து நினைக்க முடியவில்லை.

அங்கிருந்து வடக்கே, முன்பு குதிரைகள் படகை இழுத்துச் சென்ற கரைப்பாதையில் பத்து நிமிடம் நடந்தால் பாதை மலைமுட்டுகிறது. கால்வாய் மட்டும் ஒரு செங்கல் வளைவுக்குள் நுழைந்து இருளில் மறைகிறது. இதுவே பிளிஸ்வர்த் சுரங்கம். நீளம் ஏறத்தாழ 2,800 மீட்டர். நம் கோவிலிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போய்த் திரும்பும் தூரத்தைப் போல, எல்லாம் மண்ணுக்குள்.

சுரங்கத்தினுள் கரைப்பாதை கிடையாது. ஆகவே குதிரையை அவிழ்த்துக் குன்றின் மேல் வழியாகச் சிறுவரோ பெண்களோ ஓட்டிச் செல்வர். படகை எப்படி நகர்த்துவது? முன்புறம் குறுக்கே ஒரு பலகை வைத்து, இருவர் அதில் மல்லாந்து படுத்து, ஆளுக்கொரு பக்கச் சுவரில் காலை உதைத்து உதைத்து நடப்பார்கள். இருபது டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றிய படகு, இரண்டு மனிதரின் கால்களால், கும்மிருட்டில். இவர்களை லெக்கர்கள் என்றனர். காலால் உழைப்பவர் என்று பொருள். போக்கிரிகள் இத்தொழிலில் நுழைந்து படகு மக்களை மிரட்டியதால், 1827 அளவில் நிறுவனமே பதிவு பெற்ற லெக்கர்களை வைத்து, கையில் பித்தளை வில்லை கட்டியது. அவர்கள் காத்திருந்த சிறு குடில் சுரங்க வாயிலருகே இருக்கிறது. பேரன் புல்வெளியில் மல்லாந்து ஒரு வேலிச் சுவரில் உதைத்துப் பார்த்தான். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டான்.

நீராவிப் படகு வந்ததும் துன்பம் தீர்ந்தது என்று நினைப்போம். 1861 இல் 'தேனீ' என்று பெயரிட்ட நீராவிப் படகு ஒன்று சுரங்கத்தில் சென்றபோது புகை வெளியேற வழியில்லாமல் இருவர் மூச்சுத்திணறி இறந்தனர். 1871 முதல் நிறுவனம் நீராவி இழுவைப் படகுகளை ஓட்டியது. அவை 1936 வரை நீடித்தன. லெக்கர்களின் பிழைப்பு அதோடு முடிந்தது.

வாயிலின் பக்கத்திலிருந்து குன்றின் மேல் ஏறுகிறது ஒரு பாதை. படகுக் குதிரைச் சாலை என்றே அதற்குப் பெயர். அன்றைய நடையின் மையமே இதுதான். கோதுமை வயல்கள், முட்புதர் வேலிகள், இடையிடையே வயலின் நடுவே தனித்து நிற்கும் உருண்டையான செங்கல் கோபுரங்கள். தெரியாதவர் பழைய கிணறு என்றோ புறாக்கூண்டு என்றோ நினைப்பர். அவை சுரங்கத்தின் மூச்சுக்குழல்கள். காதை வைத்துக் கேட்டால் அடியாழத்தில் தண்ணீர் சொட்டும் ஒலி. ஒரு முறை எஞ்சின் ஓசையும் கேட்டது. யாரோ எங்கள் காலுக்கடியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தக் கால்வாயின் கதை. லண்டனுக்கு மேற்கே பிரென்ட்ஃபோர்டிலிருந்து பிரான்ஸ்டன் வரை ஒரு நேர்வழி வெட்டினால் மத்திய இங்கிலாந்தின் நிலக்கரியும் சரக்கும் விரைந்து லண்டன் சேரும் என்று கணக்கிட்டு, 1793 இல் பாராளுமன்றம் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க்கு இசைவு தந்தது. தலைமைப் பொறியாளர் வில்லியம் ஜெசப்; களத்தில் இருந்து வேலை பார்த்தவர் ஜேம்ஸ் பார்ன்ஸ். மண் வெட்டியவர்களை 'நேவிகேட்டர்' என்றனர். அது சுருங்கி 'நேவி' ஆயிற்று. மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, வெடிமருந்து. வேறு கருவி இல்லை. இவர்களில் பலர் அயர்லாந்துக் கத்தோலிக்கர் என்று சொல்லிப் பெருமைப்பட எனக்கு ஆசைதான். ஆனால் அயர்லாந்தினர் பெருமளவில் இந்தத் தொழிலுக்கு வந்தது பின்னர், இருப்புப்பாதைக் காலத்தில். இல்லாத பெருமை நமக்கு வேண்டாம்.

சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கிய மூன்று ஆண்டுகளில், 1796 இல், பேரிடர் நேர்ந்தது. குன்றின் உள்ளே நீரூற்றும் புதைமணலும் இருந்தன. வெட்டிய சுரங்கம் இடிந்து நீரால் நிரம்பியது. அதில் 14 பேர் மாண்டதாக உள்ளூர் வரலாறு சொல்கிறது. அந்தப் பாதை அப்படியே கைவிடப்பட்டது. சுரங்கமே வேண்டாம், பூட்டுகளை அடுக்கிக் குன்றின் மேலேயே ஏற்றிவிடுவோம் என்று ஜெசப் சொன்னார். பார்ன்ஸ் விடவில்லை. இறுதியில் வேறொரு கோட்டில் புதிய சுரங்கம் வெட்ட முடிவாயிற்று.

இந்தத் தகராறு நடந்துகொண்டிருக்க, 1800 அளவில் கால்வாயின் மற்றப் பகுதியெல்லாம் முடிந்துவிட்டது. நடுவில் இந்த ஒரு குன்று மட்டும் தடை. ஆகவே குன்றின் மேல் இரும்புத் தண்டவாளம் போட்டு, குதிரை வண்டிகளை ஓட்டினர். ஒரு கரையில் படகிலிருந்து சரக்கை இறக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். மறு கரையில் வண்டியிலிருந்து இறக்கி மீண்டும் படகில் ஏற்ற வேண்டும். ஐந்து ஆண்டுகள் இப்படியே. 1805 மார்ச் 25 அன்று சுரங்கம் திறக்கப்பட்டது. திருநாள் நாள்காட்டியை அறிந்த நமக்கு அது மங்கள வார்த்தைத் திருநாள். கால்வாய் முதலாளிகள் அதை எண்ணியிருக்க மாட்டார்கள், பழைய காலத்துக் காலாண்டுக் கணக்கு முடிக்கும் நாள் என்பதே அவர்களுக்கு முக்கியம். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் நார்த்தாம்ப்டன் நகருக்குப் போட்டார்கள். 1815 இல் பதினேழு பூட்டுகளோடு அங்கேயும் கிளைக்கால்வாய் வந்ததும் அதுவும் போயிற்று.

ஒரு மூச்சுக்குழலின் அருகே உட்கார்ந்து கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். 14 பேரைப் பற்றிச் சொன்னேன். கைவிடப்பட்ட அந்தப் பழைய சுரங்கம் இன்னும் இருப்பதுபோலவும், அதில் மெழுகுதிரி வெளிச்சம் தெரிவதாகவும் படகோட்டிகளிடையே ஒரு பேய்க்கதை உலவுவதையும் சொன்னேன். பேரன் ஆவலோடு கேட்டான். முதியவர் மட்டும் வேறொன்றைக் கேட்டார்.

"அவங்க பேரு எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா ஃபாதர்?"

காலையிலிருந்து நாங்கள் பார்த்த எந்தப் பலகையிலும் இல்லை. ஜெசப் பெயர் இருந்தது. பார்ன்ஸ் பெயர் இருந்தது.

"காஸ்குரோவ்ல பாத்தோமே, பக்கிங்காம்னு. அது இருக்கு" என்றார் அவர்.

அப்போதுதான், முந்தின இரவு படகில் உட்கார்ந்து தேடிப் படித்ததைச் சொன்னேன். இந்தக் கால்வாய்த் திட்டத்தை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் பக்கிங்காம் மார்க்விஸ் என்ற பெருநிலக்கிழார். 1792 இல் பார்ன்ஸை அனுப்பி வழியை அளக்கச் செய்தவர் அவரே. தம் ஊருக்கு 1801 இல் கிளைக்கால்வாய் வரச் செய்தவரும் அவரே. அவருடைய மனைவி கத்தோலிக்கர். பிரெஞ்சுப் புரட்சியில் உயிர் தப்பி ஆயிரக்கணக்கில் குருக்கள் இந்நாட்டுக்கு அகதிகளாக வந்தபோது, இந்தத் தம்பதியர் அவர்களுக்குப் பேருதவி செய்தனர். இதையும் சொல்லத்தான் வேண்டும். அகதியாக வந்து ஒரு கத்தோலிக்கர் வீட்டின் உதவியால் தலைநிமிர்ந்தவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள்.

அந்த மார்க்விஸின் கொள்ளுப்பேரன் மூன்றாம் பக்கிங்காம் கோமகன். அவருடைய தந்தை கடனில் மூழ்கி, 1848 இல் அரண்மனைச் சாமான்களையெல்லாம் நாற்பது நாள் ஏலம் விட்ட பெருமைக்குரியவர். மகன் உழைப்பாளி. ஒரு பெரும் இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைவரானார். பின்னர் 1875 இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராகக் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. நம் மூத்தோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் அந்தக் கொடும் பஞ்சம். தென்னிந்தியாவில் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டிருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் ஏறத்தாழ 450 கிராம். இதை வைத்து மண் வெட்டும் மனிதன் உயிர் வாழ முடியாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கோர்னிஷ் கடுமையாக வாதாடினார். சில மாதங்களுக்குப் பிறகு அளவு கூட்டப்பட்டது. இடையில் போனவர்கள் போனவர்களே.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டுக் கிலோமீட்டர் கால்வாய் 1877–78 இல் வெட்டப்பட்டது இந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான். வடக்கிலும் தெற்கிலும் முன்பே துண்டு துண்டாக இருந்த கால்வாய்கள் அதனால் ஒன்றாயின. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். முழுவதற்கும் ஆளுநரின் பெயரைச் சூட்டினர். நான் சிறுவனாக நின்று பார்த்த கால்வாய் அதுதான். அந்தப் பெயர் யாருடையது, அந்த மண்ணை வெட்டியவர்கள் யார் என்று கோவளத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அறுபது வயதுக்கு மேல், நார்த்தாம்ப்டன்ஷயரில் ஒரு கோதுமை வயலோரத்தில், கையில் புளிச்சோற்றோடு அதை முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன்.

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என் பாட்டனாரோட அம்மா சின்னப் பிள்ளையா வந்தது அந்தத் தாது வருஷத்துலதான். மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்தாங்களாம். வழியில ரெண்டு தம்பிமாரைப் பொதைச்சிட்டு வந்ததா பாட்டனார் சொல்லுவாரு. வட ஆற்காடுன்னு தெரியும். எந்த ஊருன்னு தெரியாது. அந்தத் தம்பிமாரு பேரும் தெரியாது."

பேரன் இதைக் கேட்டது அதுவே முதன்முறை. தகப்பனாரும் அப்படித்தான் என்பதை அவர் முகத்தில் கண்டேன்.

பிற்பகலில் குன்றிறங்கி பிளிஸ்வர்த் கிராமத்துக்குள் நுழைந்தோம். அங்குள்ள பழைய வீடுகள் கண்ணுக்கு இதம். வெளிர் சுண்ணக்கல் ஒரு வரி, பழுப்பு இரும்புக்கல் ஒரு வரி என்று மாற்றி மாற்றிக் கட்டியவை. அதற்கு அப்பால் கால்வாய் நிறுவனம் 1879 இல் கட்டிய பெரிய கிடங்கு. இன்னும் சற்றுத் தள்ளி, லண்டன்–பர்மிங்காம் இருப்புப்பாதையின் உயரமான பாலம். 1838 இல் அந்த வழி முழுதும் திறக்கப்பட்டது. சுரங்கம் திறந்து முப்பத்து மூன்றே ஆண்டுகள். கால்வாயின் கூலி சரிந்ததும், குடும்பங்கள் படகில் ஏறியதும் இதற்குப் பின்புதான். மூன்றாம் கோமகன் தலைவராக இருந்த நிறுவனம் இந்த இருப்புப்பாதையை உள்ளடக்கியதே. பூட்டன் வெட்டச் செய்த கால்வாயின் வருமானத்தைக் கொள்ளுப்பேரனின் ரயில்கள் அள்ளிக்கொண்டு போயின. கால் வலித்ததால் தேநீர் கிடைக்குமா என்று தேடினோம், கிடைக்கவில்லை. வந்த வழியே குன்றேறித் திரும்பினோம். போகவர ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் இருக்கும். எழுபத்தெட்டு வயது முதியவர் எங்களுக்கு முன்னே நடந்தார். தேயிலை மலையில் ஏறியிறங்கிய கால்கள்.

மறுநாள் காலை படகிலேயே சுரங்கத்தினுள் சென்றோம். விளக்கு ஒன்றுதான். நாற்பது நிமிடம். 1980 முதல் மூடிக்கிடந்து, நடுப்பகுதி முழுவதும் கான்கிரீட் வளையங்களால் புதுப்பிக்கப்பட்டு 1984 இல் மீண்டும் திறக்கப்பட்ட சுரங்கம் அது. ஆகவே நடுவில் சுவர் வழுவழுப்பாகவும் இரு முனைகளிலும் பழைய செங்கல்லாகவும் இருக்கிறது. மூச்சுக்குழலுக்கு நேர் கீழே வரும்போதெல்லாம் தண்ணீர் கொட்டியது. முதியவர் குடையை விரித்துக்கொண்டு முன்புறம் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு படகு வந்தது. இரண்டும் உரசிக்கொள்ளாத குறையாகக் கடந்தன. உள்ளே நுழைந்ததும் முதியவர் செபமாலையை எடுத்தார். பத்துப் பத்தாக அல்ல, பதினான்கு அருள் நிறை மரியே சொல்வோம் என்றார். சொன்னோம். முடித்துவிட்டு, இன்னும் இரண்டு என்றார். அது யாருக்கு என்று பேரன் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இதே வழியில் நடக்க இளையோர் சிலர் விரும்புகின்றனர். வருவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடமோ மறைக்கல்வி ஆசிரியர்களிடமோ பெயர் கொடுக்கலாம். மழை பெய்தால் குதிரைச் சாலை சேறாகிவிடும். நல்ல காலணி அவசியம். பிளிஸ்வர்த்தில் தேநீரை நம்பி வராதீர்கள். குடுவையில் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை